எல்லைக் கோட்டை யார் போட்டது?

அன்புள்ள மகளுக்கு,

கண்டங்கள் ஆறு என்று பேரன் பள்ளியில் படித்துவிட்டு வந்து, ஏழு என்று சொன்ன உன்னோடு மல்லுக்கு நிற்பதாக எழுதியிருந்தாய். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறாய். அதற்கு முன் பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

உனக்கு அப்போது ஒன்பது வயது. உலக வரைபடத்தில் ரஷ்யா முழுவதற்கும் ஒரே வண்ணம் தீட்டியிருந்தாய். மேற்குப் பகுதிக்கு ஐரோப்பாவின் வண்ணம் வர வேண்டும் என்று அழிக்கச் சொன்னேன். "நடுவில் கடலே இல்லையே அப்பா, இந்த எல்லைக் கோட்டை யார் போட்டது?" என்றாய். "புத்தகத்தில் இருக்கிறது, பேசாமல் வரை" என்று அதட்டிவிட்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள அன்று மனம் வரவில்லை.

முதலில் போட்டவர்கள் பழைய கிரேக்கர்கள். தங்கள் கடலின் ஒரு கரையை ஐரோப்பா என்றார்கள், எதிர்க்கரையை ஆசியா என்றார்கள். வடக்கே போகப் போக அவர்களுக்கே குழப்பம். சிலர் இன்றைய ஜார்ஜியாவில் ஓடும் ரியோனி ஆற்றை எல்லை என்றார்கள், சிலர் இன்றைய ரஷ்யாவில் ஓடும் டான் ஆற்றை. ஒன்றாகவே கிடக்கும் நிலத்துக்கு எதற்காக ஐரோப்பா, ஆசியா, லிபியா (ஆப்பிரிக்காவை அவர்கள் அழைத்த பெயர்) என்று மூன்று பெண்களின் பெயர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அலுத்துக்கொண்டிருக்கிறார். கிட்டத்தட்ட உன் கேள்விதான்!

கோடு ரஷ்யாவில் வடக்கு தெற்காக நீளும் யூரல் மலைக்கு நகர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். 1709இல் பொல்டாவா போரில் தோற்று ரஷ்யர்களிடம் சிறைப்பட்ட ஸ்வீடன் படை அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க், சைபீரியாவில் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்தார். நாடு திரும்பியபின் 1730இல் வெளியிட்ட நூலில் யூரலை எல்லையாக வைத்தார். அந்த யோசனையே என்னுடையது என்று ததீஷ்சேவ் என்ற ரஷ்ய அறிஞர் உரிமை கொண்டாடினார். ஐரோப்பிய வல்லரசாகத் தலைநிமிர விரும்பிய ரஷ்யாவுக்கும் அந்தக் கோடு வசதியாக இருந்தது.

எனக்கு இதில் ஒரு பொருமல் உண்டு. யூரலின் மிக உயர்ந்த சிகரமே 1,895 மீட்டர்தான். அது இரண்டு கண்டங்களைப் பிரிக்குமாம், இமயமலை பிரிக்காதாம்! இமயத்துக்குத் தெற்கே இருக்கும் நமக்கு ஆறுதல் பரிசாகத் 'துணைக்கண்டம்' என்ற பட்டம். பூமியின் மேலோடு பிரிந்து கிடக்கும் பெரும் பாறைப் பலகைகளான புவித்தட்டுகளை வைத்துப் பார்த்தால் ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் ஒரே தட்டில் இருக்கின்றன. தனித் தட்டு இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும்தான். சைபீரியாவின் கிழக்கு முனையோ வட அமெரிக்கத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே உள்ள காகசஸ் மலைப் பக்கம் வழக்கு இன்னும் முடியவில்லை. மலைத்தொடரின் முகடுதான் எல்லை என்றால் 5,642 மீட்டர் எல்பிரஸ் ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம். அதற்கு வடக்கே உள்ள குமா-மானிச் தாழ்நிலம்தான் எல்லை என்றால் அந்தப் பெருமை ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்துக்குப் போய்விடும். மலை இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

இனி தீர்ப்பு. பேரன் எந்த இரண்டை ஒன்றாகச் சேர்த்திருக்கிறான் என்று கேள். ரஷ்யாவில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் யூரேசியா என்று ஒரே கண்டமாகப் படிப்பார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் இரண்டு அமெரிக்காக்களும் ஒன்று. இரண்டிலும் கணக்கு ஆறுதான். உன் ஏழும் தவறில்லை. ஆகவே மதிப்பெண் போய்விடுமே என்று அவனை அதட்டாதே. அந்த வேலையை நான் ஒருமுறை செய்தது போதும்.

உன் பழைய வரைபடத்தை அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். ரஷ்யாவின் மேல் அழித்த தடம் இன்னும் தெரிகிறது. இதோடு வைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா