பைலட் ஜேம்ஸ் ஸ்பிங்குக்கு, பெல் ராக் வேலையாட்களின் நன்றி

ஆர்ப்ரோத், ஸ்காட்லாந்து, செப்டம்பர் 1807

ஊர்ப் பெரியோருக்கும் படகுக்காரர்களுக்கும் வணக்கம்.

கலங்கரை விளக்கம் கட்ட நாங்கள் போகும் பெல் ராக், நீர் பெருகினால் மூழ்கிவிடும் கடற்பாறை. 2ஆம் தேதி காலையில் எங்கள் கப்பல் கட்டறுந்து மிதந்து போக, நாங்கள் அந்தப் பாறையில் மாட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். போன 32 பேரும் உயிரோடு இருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கடலில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் ஸ்பிங்க் ஐயாவுக்கு. அவர் கடிதம் கொடுக்க வந்தவர், ஆள் ஏற்ற வந்தவர் அல்ல. எங்கள் கப்பல் தூரத்தில் மிதந்து போவதைப் பார்த்ததும், இந்தக் காற்றுக்கு எல்லோரும் அதில் ஏறியிருப்பார்கள் என்றே நினைத்திருக்கிறார். கடல் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனாலும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார். பாறைமேல் ஆட்கள் தெரிந்தார்கள். காற்று மறைவில் நங்கூரம் போட்டு, கடிதம் வாங்க யாராவது வரட்டும் என்று தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கொஞ்ச தூரம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று கணக்குப் பார்த்தால் புரியும். பாறையில் இருந்தவை 2 படகுகள். கடல் படிந்திருந்தால் இரண்டிலுமாக 24 பேர் போகலாம். எதிர்க்காற்றில், கடலில் நங்கூரமிட்டு விளக்கேற்றி நிற்கும் மிதவை விளக்குக் கப்பல்வரை துடுப்பு வலிக்க வேண்டுமானால் படகுக்கு 8 பேர்தான். அதற்குமேல் ஏற்றினால் துடுப்பு வீச இடம் இருக்காது, படகும் தாழ்ந்து அலையை உள்ளே வாங்கும். ஆக, சரிபாதி, 16 பேருக்கு இடமில்லை. நீர் பெருகினால் நின்ற இடத்தில் 12 அடி ஆழம்.

ஸ்பிங்கின் படகு பெரியது. அலை இருக்கும்போது பாறையின் ஒடுங்கிய இறங்குதுறைக்குள் அதைக் கொண்டுவர முடியாது. அதனால் சின்னப் படகு ஒன்றில் 2 நடையாக 16 பேரை அவரிடம் சேர்த்தோம். மீதிப் பேர் 2 படகிலும் கிளம்பினோம்.

3 மணி நேரம் துடுப்பு வலித்த கைகளுக்கும், விளக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், கரையில் காத்திருந்த வீட்டாருக்கும் எங்கள் கும்பிடு.

பாறையில் மரக்கூண்டு எழும்பியே தீரும். சுமார் 50 அடி நீளத்தில் 6 கால்கள், அவற்றைப் பிடிக்க இரும்புக் கொக்கிகள், கொக்கிகளுக்கு 2 அங்குலத் துளைகள். உளி சீக்கிரம் மழுங்கும். கொல்லர் பாறையிலேயே உலை மூட்டித் தீட்டித் தருவார்; நீர் வந்து உலையை அணைத்தால் அன்றைய வேலை முடிந்தது. கால்கள் நின்றுவிட்டால், படகு இல்லாத நேரத்திலும் நீருக்குமேல் ஏறிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். அடுத்த வற்றத்துக்கு மறுபடியும் துளை போடப் போகிறோம்.