மஞ்சூர்ப் பக்கத்து லைன் வீட்டு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அக்கா, பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. யாரைச் சொல்கிறோம் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உயரத்திலிருந்து விழுந்து, இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு ஒடிந்த தம்பி, அறுவை முடிந்து வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டான். நடந்ததை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. நீங்கள் செய்ததற்கு என்ன மதிப்பு என்பதை மட்டும் எலும்பு முறிவு வார்டில் வேலை செய்கிற நாங்கள் சொல்லியாக வேண்டும்.

கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. சுற்றி நின்றவர்கள் பதைப்பில் இழுத்து நேராக்கப் பார்த்தார்கள். நீங்கள் விடவில்லை. கால் கிடந்த வாக்கிலேயே, முழங்காலுக்கு அடியில் கம்பளியைச் சுருட்டி வைத்தீர்கள். இரண்டு காலுக்கும் நடுவே சாக்கை மடித்துக் கொடுத்துத் துண்டால் சேர்த்துக் கட்டினீர்கள். பூட்ஸை உருவாமல் கத்தரியால் வெட்டி எடுத்து, விரல் அசைகிறதா, பாதம் சூடாக இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறீர்கள்.

தொடை எலும்பின் தலையை நம் ஊரில் பந்து என்கிறோம். அதற்குக் கீழே இருக்கிற ஒடுங்கிய பகுதிதான் கழுத்து. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்கள் எலும்பின் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து ஒடிந்தால் சில அறுந்துபோகும், சில மடங்கி நெரிபடும். இடுப்பு மூட்டைச் சுற்றியிருக்கிற உறைக்குள் ரத்தம் தேங்கி அழுத்தமும் ஏறும். அந்த நேரத்தில் காலை நீட்டி உள்பக்கம் திருப்பினால், ஈரத்துணியைப் பிழிவது போல உறை முறுக்கிக்கொண்டு அழுத்தம் இன்னும் கூடும். சற்று மடங்கி வெளியே சாய்ந்தால் உறை தளரும். உங்கள் கம்பளி அந்தத் தளர்வைக் கொடுத்தது.

வயதானவர்களுக்கு ஒடிந்த பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைக்கலாம். இருபதுகளில் இருக்கிறவனுக்கு வைத்தால் அது தேயும், ஆயுளில் மறுபடியும் மாற்ற வேண்டிவரும். அவனுடைய பந்தையே காப்பாற்றத்தான் பார்ப்போம். உயரத்திலிருந்து விழுந்து ஒடியும்போது முறிவுக் கோடு பெரும்பாலும் செங்குத்தாக ஓடும், எடை விழுந்தால் துண்டு வழுக்கும். அதனால் துண்டுகள் முதலில் துல்லியமாகப் பொருந்த வேண்டும். வெளியிலிருந்து பொருந்தாவிட்டால் மூட்டைத் திறந்தாவது பொருத்த வேண்டும். ஸ்க்ரூவா பிளேட்டா என்பது அதற்குப் பிறகுதான். கோணலாகச் சேர்ந்ததை எந்த ஸ்க்ரூவும் தாங்காது.

கொழுந்து எடைச் சீட்டின் பின்பக்கம் நீங்கள் எழுதி அனுப்பியதும் அப்படித்தான் உதவியது: விழுந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், டீ குடித்த நேரம். மயக்க மருந்துக்கு முன் திட உணவுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். அடிபட்டவர்களுக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும், ஆகவே விழுந்த நேரமும் முக்கியம். சீட்டு கையில் இருந்ததால் யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஓட்டிய 108 தம்பிக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், படி ஏறாத கீழ்வரிசை வீட்டை ஒழித்துக் கொடுத்துக் கமோடு நாற்காலியும் வாங்கிவைத்த மேஸ்திரிக்கும் எங்கள் நன்றி.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு உறுதி. தொடை எலும்பின் நடுத்தண்டு ஒடிந்து வருகிறவர்களில் சிலருக்கு அதே எலும்பின் கழுத்திலும் மெல்லிய விரிசல் இருக்கும். தண்டின் வலியில் அது மறைந்துபோகும், சாதாரண எக்ஸ்ரேயிலும் தப்பிவிடும். அப்படி வருகிற ஒவ்வொருவருக்கும் கழுத்தைத் தனியாகப் படமெடுத்துப் பார்ப்போம், தேவையென்றால் சி.டி. ஸ்கேனும் எடுப்போம். அறுவை முடிந்ததும் இன்னொரு முறை பார்ப்போம்.

அக்கா, தம்பி உங்கள் பேச்சைத்தான் கேட்பான், அதனால் இதையும் உங்களிடமே சொல்கிறோம். கால்விரல் தரையைத் தொடலாம், எடை இறங்கக் கூடாது. எலும்பு கூடியது படத்தில் தெரிகிற வரை, அநேகமாக 3 மாதம். பீடி வேண்டாம், எலும்பு கூடுவதைக் கெடுக்கும். எண்ணெய் போட்டு உருவுகிறேன் என்று யார் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ரத்தம் போகாமல் பந்து செத்தால் அது பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும், ஆகவே வலியே இல்லாவிட்டாலும் 2 வருடம் படமெடுக்க வர வேண்டும். தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால் குறித்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிவாருங்கள்.

அன்புடன்,
எலும்பு முறிவு வார்டு ஊழியர்கள்