எங்கள் வீட்டுத் தேரை தவளையாம்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் வந்த 'தவளையா, தேரையா?' துணுக்கைப் பற்றியது இந்தக் கடிதம். தோல் வழவழவென்று இருந்து கால் நீளமாக இருந்தால் தவளை, தோல் சொரசொரவென்று இருந்து கால் குட்டையாக இருந்தால் தேரை என்று நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் அது நாலு நாள் சண்டையாக ஓடியது.

எங்கள் குளியலறையில், வாளிக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மெலிந்த உடம்பு, வெளிர் பழுப்பு நிறம், விரல் நுனியில் பொட்டு வைத்தாற்போல் வட்டத் தட்டுகள். விளக்கைப் போட்டதும் 'சொத்'தென்று எதிர்ச் சுவருக்குத் தாவும். என் பேத்தி உங்கள் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஆராய்ந்தாள். தோல் வழவழப்பு, கால் நீளம். "தாத்தா, இது தவளை" என்று தீர்ப்புச் சொன்னாள். அடுப்படியிலிருந்து அவள் அப்பாயி குரல் வந்தது: "எங்க அம்மா காலத்துலேருந்து அது தேரைதான். பத்திரிகைக்காரங்களுக்கு என்ன தெரியும்?"

முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் என்பதால் என்னை நடுவராக வைத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி என்றேன். இரண்டு பேருக்கும் கோபம்.

விஷயம் இதுதான். தேரை என்ற நம் சொல்லை ஆங்கிலப் பாடநூலின் 'டோட்' மேல் ஒட்டவைத்தது பிற்பாடு நடந்த வேலை. எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த முரட்டுத்தோல் பிராணிக்குப் பெயர் சொறித்தவளை. தேரை என்றால் வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டும் மரத்தவளை. இளநீரை வெட்டி உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் 'தேரை மோந்தது' என்கிறோமே, யோசித்துப் பாருங்கள். சொறித்தவளையால் வாசற்படியில் ஏறுவதே பெரும்பாடு, தென்னையில் எங்கே ஏறப்போகிறது? மரம் ஏறுவது விரலில் தட்டு உள்ள இந்த ஆள்தான். (காய் ஒல்லியாகப் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சத்துக் குறைவும் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும்தான் காரணம். அதை என் மனைவியிடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.)

அறிவியலும் உங்கள் துணுக்குக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. தவளை ஒரு கட்சி, தேரை ஒரு கட்சி என்று உயிரியலில் பிரிவினை கிடையாது. உலகில் 7,000க்கு மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு குடும்பம்தான் புஃபோனிடே. ஆங்கிலத்தில் உண்மையான டோட் எனப்படுபவை அந்தக் குடும்பத்துக்காரர்கள், சுமார் 600 இனங்கள். ஆக, சொறித்தவளையும் தவளைதான். 'சொறி' என்று அடைமொழி மட்டும் போட்டு, தவளை என்ற பெயரை விடாமல் வைத்திருந்த நம் கிராமத்துக்காரர்கள் கணக்கில் தவறவில்லை.

தோலை வைத்துத் தீர்மானிக்கலாம் என்பதும் ஆபத்து. குளத்தில் தண்ணீர் மேலேயே தத்திக்கொண்டு ஓடும் சின்னத் தவளையைப் பிடித்துப் பாருங்கள், முதுகெல்லாம் பரு பருவாக இருக்கும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் வளைத்தவளை உருண்டை உடம்பும் குட்டைக் காலுமாக, உங்கள் துணுக்கின்படி அசல் தேரை. ஆனால் அது மழைக்காலத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு கத்தும் பெருந்தவளைக்குத்தான் பங்காளி. 'நுணலும் தன் வாயால் கெடும்' என்ற பழமொழியில் வரும் நுணலும் மணலுக்குள் ஒளிந்து கிடப்பதுதான். எனக்கு அது இந்த வளைத்தவளையாகத்தான் தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ மரம் ஏறும் டோட் ஒன்று இருக்கிறது. பனாமா நாட்டில் தங்கத் தவளை என்று பேர் பெற்ற வழவழப்பான மஞ்சள் பிராணியும் புஃபோனிடே குடும்பம்தான்.

அப்படியானால் பிள்ளைகள் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? உலகம் முழுவதுக்கும் விதி சொல்ல வேண்டாம், நம் வாசலில் இருப்பதற்குச் சொன்னால் போதும். ராத்திரி தெருவிளக்குக்குக் கீழே பூச்சிக்காகக் காத்திருக்கும் சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக, அவரைக்கொட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் நச்சுச் சுரப்பி. கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு வரம்பு, பருக்களின் நுனியிலும் கறுப்பு. 1799இல் ஷ்னைடர் அதற்கு வைத்த 'மெலனோஸ்டிக்டஸ்' என்ற பெயரே கரும்புள்ளிக்காரன் என்று பொருள்படும். 2006இல் அதை 'டட்டாஃப்ரைனஸ்' என்ற புதிய பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) சேர்த்தார்கள். தவளைகளை ஆராய்ந்த நம் நாட்டு சுஷில் குமார் தத்தாவைக் கௌரவிக்க வைத்த பெயர் அது.

முட்டையும் காட்டிக்கொடுக்கும். சொறித்தவளை முட்டை, கறுப்பு மணி கோத்த இரட்டைச் சரம்போல நீர்ச்செடிகளில் சுற்றிக் கிடக்கும். எங்கள் குளியலறைக்காரர் சோப்பு நுரைபோல ஒரு கூட்டைத் தண்ணீருக்கு மேலே, தொட்டிச் சுவரிலோ இலையிலோ வைத்து அதற்குள் இடுவார். இன்னொன்று பல். எங்கள் காலத்து விலங்கியல் மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், வகுப்பில் அறுத்துப் படித்த தவளையின் அறிவியல் பெயரான 'ராணா ஹெக்சாடாக்டைலா'வைச் சொல்வார்கள். அறுப்பதற்கு முன் அந்தத் தவளையின் மேல்தாடையில் விரலை ஓட்டினால் மெல்லிய அரம்போல நெருடும். சொறித்தவளைக்குப் பல்லே கிடையாது. இதைப் பிள்ளைகள் சோதித்துப் பார்க்க வேண்டாம்!

'தேரையைத் தொட்டால் மரு வரும்' என்று அச்சிட்டிருந்ததுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். மரு மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸால் வருவது. சொறித்தவளையின் நஞ்சு கண்ணிலோ வாயிலோ படக்கூடாது, அவ்வளவுதான். அதைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளும். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி. உங்கள் வரியைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பையன்கள் விளக்குக் கம்பத்தடியில் கல்லோடு நின்றார்கள்.

அடுத்த இதழில் அந்த மரு விஷயத்துக்காவது ஒரு திருத்தம் போடுங்கள். சொறித்தவளை என்ற பெயரையும் சேர்த்து அச்சிட்டால் வீட்டில் எனக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி