மாலைப் படிப்பகம் தொடங்கப்போகும் ஐயரம்மாவுக்கு

அன்புள்ள ஐயரம்மா,

ஸ்தோத்திரம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக உங்கள் சேகரத்தில் மாலைப் படிப்பகம் தொடங்கப்போவதாகச் சொல்லி, திட்டத்தையும் அனுப்பி, கருத்துக் கேட்டிருந்தீர்கள். இதையே வேறு சில சேகரங்களில் இருந்தும் கேட்கிறார்கள். அதனால் உங்கள் சம்மதத்தோடு பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பெயர், உங்கள் ஆட்கள் பெயர் எதுவும் இதில் வராது. வெளியார் வாசித்தால் புரிய ஒரு வார்த்தை: ஐயர் என்றால் நம் சபைக் குரு, ஐயரம்மா அவர் மனைவி, சேகரம் அவர் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரம்.

திட்டம் நான்கு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு விழா. அத்தியட்சர் (பிஷப்) வருகை, பேனர், அறுபது பிள்ளைகளுக்கு மஞ்சள் டி-ஷர்ட், சுவரில் மாட்டப் பெரிய டிவி. பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருவார்கள், வராத பிள்ளை ஏன் வராது என்று ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் வளர்ந்தவர். பீடி ஊர் உங்களுக்குப் புதிது. ஆலங்குளம், முக்கூடல், கடையம், பாவூர்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாசலில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் தட்டோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் பெண்பிள்ளை நேராக அங்கேதான் போகும். இலை வெட்டித் தர வேண்டும், சுற்றிய பீடிக்கு முனை மடக்க வேண்டும், கட்டுப் போட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்துத் தள்ளிவிடுவார்கள். தள்ளியதற்கும் சேர்த்துத்தான் சுற்றியாக வேண்டும். அந்தத் தாய்க்கு மகளின் கை ஒரு கூடுதல் கை. அவளைப் பிரசங்க மேடையில் இருந்து கண்டிப்பதால் ஒரு பிள்ளையும் வராது. வீட்டுக்குப் போங்கள், அவள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், பீடி ஒப்படைக்கும் நேரம் எது என்று கேளுங்கள். அதற்கு இடைஞ்சல் இல்லாத ஒன்றரை மணி நேரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். பையன்களைத் தேடிப் போக வேண்டாம். சுண்டல் என்று தெரிந்தால் கிரிக்கெட் மட்டையோடு அவர்களே வந்துவிடுவார்கள்.

சுண்டல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. காலைச் சாப்பாடு 2022-இல் இருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு காமராஜர் காலத்தில் இருந்தே இருக்கிறது. நாலரை மணிப் பசிக்குத்தான் ஆள் இல்லை. ஆகவே வந்ததும் முதலில் சாப்பாடு, அப்புறம் மற்றதெல்லாம். ஜெபம் முடிந்து, பாட்டு முடிந்து, பாடம் முடிந்து கடைசியில் சாப்பாடு என்று உங்கள் திட்டத்தில் இருக்கிறது. அதை அப்படியே தலைகீழாக்குங்கள். கடைசியில் வைப்பது பிள்ளையைப் பிடித்து வைக்கிற வேலை. சுண்டல், அவித்த கடலை, தை மாசியில் பனங்கிழங்கு போதும். நம் பெண்கள் ஐக்கியத்தில் பிடி அரிசிக் காணிக்கை இன்னும் இருக்கிறதுதானே? உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவரும் அந்த அரிசியைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கிறவர்களுக்கும் எந்தப் பிள்ளை சாப்பிடுகிறது என்று கண்ணால் தெரியும்.

அடுத்தது பாடம். ஹோம்வொர்க் முடித்துக் கொடுக்கும் இடமாக இதை ஆக்கிவிடாதீர்கள். பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள், வாத்தியார்களுக்கும் அதுதான் சந்தோஷம். ஆனால் ஏழாம் வகுப்பில் முத்து முத்தாகக் கையெழுத்து எழுதும் பிள்ளை, எழுதியதை வாசிக்கத் தெரியாமல் இருக்கும். கரும்பலகையைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஞாயிறு ஆலயத்தில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நாம் நினைப்பதும் பல நேரம் இப்படித்தான். வேதாகமத்தின் 23-ஆம் சங்கீதத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் அதில் இருந்து ஒரு சொல்லைத் தனியாகச் சீட்டில் எழுதிக் காட்டிப் பாருங்கள். முழிக்கும். எனவே முதல் வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், வாக்கியம், ஒரு சின்னப் பத்தி என்று வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பை மறந்துவிட்டு, வாசிக்கிற அளவை வைத்துப் பிரியுங்கள். அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அது கீழ் வகுப்புகளுக்கு. அந்த வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகள்தான் உங்களிடம் வருவார்கள். எட்டாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். அவனுக்குத் தனி மூலை, தனி நேரம் வேண்டும். அவன் படிப்பது அணில், ஆடு புத்தகமாக இருக்கக் கூடாது. பஸ் போர்டு, கிரிக்கெட் செய்தி, மாத்திரை அட்டை என்று எதையாவது வாசிக்கட்டும்.

இதெல்லாம் ஊழியமா, டியூஷனா என்று உங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் ஓய்வுநாள் பள்ளி தொடங்கியது யாருக்காக என்று அவரிடம் சொல்லுங்கள். வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது வாசிக்க. நம் சீமையில் தரங்கம்பாடி முதல் பாளையங்கோட்டை வரை மிஷனரிமார் போன இடமெல்லாம் ஆலயத்தோடு பள்ளிக்கூடமும் வைத்தார்கள். அந்தப் பெரியவரின் தாத்தாவுக்கு எழுத்து வந்த வழியும் அநேகமாக அதுதான்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. வருகிற பிள்ளைகளில் இந்து வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம். திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில் "எதிர்பார்க்கும் ஆத்தும ஆதாயம்", அதாவது விசுவாசத்துக்கு வருவோர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் 2002-இல் வந்து இரண்டே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் சுண்டல் கொடுத்துப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற பேச்சு எந்த ஊரிலும் எந்த நாளும் எழலாம். அந்தக் கட்டத்தைப் பார்க்கிறவனுக்கு அது பொய் என்று தோன்றாது. நான் சொல்லும் காரணம் வேறு. வேதத்தில் ஆண்டவர் சொல்லால் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். கேட்டாரே தவிர, அந்த ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் படிப்பகத்தில் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த ஒன்பது பேர்தான். வாசிக்கக் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள். அது தோல்வி என்று நினைக்கிறவர்கள் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

அதற்காக இயேசுவின் பெயரையே சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. இது ஆலயம் நடத்தும் படிப்பகம், ஒளிக்க ஒன்றும் இல்லை. பெயரிலேயே தெரியட்டும். சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்: ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம் இருக்கும், வேண்டாம் என்றால் பிள்ளை அந்த நேரம் படப்புத்தகம் பார்க்கலாம், சாப்பாட்டிலும் பாடத்திலும் எந்த வித்தியாசமும் இருக்காது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. நம் படிப்பகம் அந்த வகையில் வராது. வராவிட்டாலும் அந்த மரியாதையை நாமே கொடுக்கலாமே. நெற்றியில் விபூதியோடு வரும் பிள்ளையிடம் துடைத்துவிட்டு வா என்று சொல்லும் தன்னார்வலரை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

மதத்தைவிடக் கடினம் தெரு. உங்கள் ஆலயம் எந்தத் தெருவில் இருக்கிறது, யாருடைய தாத்தா கல் சுமந்து கட்டியது, காலனிப் பிள்ளை அந்த வாசல் வழியாக இதுவரை வந்திருக்கிறதா என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள் ஐயரம்மா. 2023-இல் நாங்குநேரியில் உடன் படித்த பையன்களே அரிவாளோடு ஒரு மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டி வருவதைத் தடை செய்யச் சொன்னது. கயிறு கட்டிய கை உங்கள் படிப்பகத்துக்கும் வரும், அதில் நம் ஆலயத்துப் பிள்ளையின் கையும் இருக்கும். எந்தப் பாயில் யார் உட்காருகிறார்கள், யார் கையால் சுண்டல் பரிமாறப்படுகிறது, தண்ணீர் டம்ளர் எல்லோருக்கும் ஒன்றா என்று முதல் நாளில் இருந்து பாருங்கள். பரிமாறும் முறையைச் சுழற்சியில் விடுங்கள். காலனியில் இருந்து ஒரு பெண்ணைப் படிப்பிக்கிறவராக வையுங்கள். உதவியாளராக வேண்டாம், படிப்பிக்கிறவராக. இதனால் இரண்டு மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தும். நிறுத்தட்டும். ஆலய ஹாலுக்குள் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்கினால், இரண்டு தெருவுக்கும் பொதுவான ஒரு திண்ணையையோ பள்ளி வராந்தாவையோ கேளுங்கள். கட்டடம் நம்முடையதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

படிப்பிக்கிறவர்களை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். 2021-இல் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது ஊருக்கு ஊர் படித்த பெண்கள் தன்னார்வலராக வந்தார்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு. பி.எட். முடித்து வீட்டில் இருக்கிற மருமகள்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள், எந்த மதமாக இருந்தாலும் சரி. ஆர்வம் மட்டும் உள்ள வாலிபர் சங்கத்துத் தம்பியைவிட அந்தப் பெண் பத்து மடங்கு மேல். ஆனால் சும்மா வரச் சொல்லாதீர்கள். கையில் ஒரு தொகை கொடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி உங்கள் திட்டத்தில் எதுவும் இல்லை. இதில் மட்டும் கண்டிப்பாகவே பேசுகிறேன். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும், எப்போதும் இரண்டு பேர். ஐயர் குடியிருக்கும் குருமனைக்குள் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது, ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவரக்கூட. ஏதாவது தவறு நடந்ததாகப் பிள்ளை சொன்னால், அல்லது சந்தேகம் வந்தால், பாலியல் குற்றங்களில் இருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்வது கட்டாயம். சொல்லாமல் மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். செய்தவர் கமிட்டி மெம்பராக இருந்தாலும், பாடகர் குழுத் தலைவராக இருந்தாலும், ஐயரின் சொந்தக்காரராகவே இருந்தாலும் இதுதான். சபைக்குள்ளேயே ஜெபித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வருவார். அவரை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

பணம். வெளிநாட்டில் ஒரு ஸ்பான்சர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். காம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இப்படித்தான் ஆலயங்கள் வழியாகப் பிள்ளைகளுக்கு மாலை மையங்கள் நடத்தியது. மருத்துவப் பரிசோதனை, டியூஷன், சத்தான சாப்பாடு என்று வேலை உண்மையாகவே நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். 2016-இல் மத்திய உள்துறை அதை, பணம் அனுப்ப முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியவர்கள் பட்டியலில் வைத்தது, பணம் வருவது நின்றது, 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை முடித்துக்கொண்டார்கள். நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட மையங்கள், ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகள். சரி தப்பு யார் பக்கம் என்பது வேறு விவாதம். சனிக்கிழமை வரை முட்டை சாப்பிட்ட பிள்ளைக்குத் திங்கட்கிழமை கதவு பூட்டியிருந்தது. அதன் பிறகு 2020-இல் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை இன்னும் இறுக்கி, வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே ஊர்ப் பணத்தில் நடக்கிற அளவுக்கே தொடங்குங்கள். அறுபது வேண்டாம், பதினைந்து பிள்ளைகள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தங்கள் சம்பாத்தியத்தில் இருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் வரும். இந்த வித்தியாசத்தை உங்கள் பொருளாளருக்கு ஒரு ஆடிட்டரை வைத்தே புரியவையுங்கள்.

பணம் கொடுத்தவர் போட்டோ கேட்பார். படிப்பகத்தின் கணக்கை அனுப்புங்கள், பிள்ளையின் முகத்தை அனுப்பாதீர்கள். "ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி" என்ற வரிக்குக் கீழே தன் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றியதைப் பள்ளியில் எவனோ காட்டிச் சிரித்ததற்காகப் படிப்பையே நிறுத்திய பெண்ணை எனக்குத் தெரியும். அந்த மஞ்சள் டி-ஷர்ட்டும் வேண்டாம் என்று சொல்வது இதற்குத்தான். தெருவில் நடக்கும்போது இது இலவசப் பிள்ளை என்று தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. ஐயருக்கு இன்னும் சில வருஷத்தில் மாற்றல் வரும். புதிதாக வருகிறவருக்கு வேறு ஆசை இருக்கும். பல சேகரங்கள் சேர்ந்த நம் திருமண்டலத்தில் நல்ல காரியங்கள் பலவும் சாமான் லாரியோடு சேர்ந்து கிளம்பிப்போனவைதான். சாவி குருமனையில் இருக்கக் கூடாது. ஊரில் நிலையாக இருக்கும் இரண்டு பெண்கள் பெயரில் நோட்டு, வரவு செலவு, சாவி மூன்றும் இருக்கட்டும். ஒருவர் ஆலயத்துக்காரர், ஒருவர் காலனிக்காரர்.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். அதுவரை வீடு வீடாகப் போகத்தான் நேரம் சரியாக இருக்கும். வாசிப்பை அளக்கும் சீட்டுகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை பாவூர்சத்திரம் சந்தைக்கு வருவேன், அப்படியே உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். படிப்பிக்கப் போகிற அந்தப் பெண்ணையும் வரச் சொல்லுங்கள், எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து காட்டித்தர வேண்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு டீச்சர்