பொருள்: மூன்று காலிப்பர், மூன்றும் இடப்பக்கம் – மாற்றித் தரவும் நஷ்டஈடு தரவும் கோரி இறுதிப் புகார்

அனுப்புநர்: அம்பாசிடர் மார்க் 4 வைத்திருப்பவர், திருச்சி (பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் உங்கள் பில்லிலேயே இருக்கின்றன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் மின்னஞ்சலில் போயின. நான்குக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அடுத்த நிமிடமே ஒரே பதில் வந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஆகவே இதைத் தாளில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும் அல்லவா.

ஆவணிக் கடைசியில் என் அம்பாசிடரின் பழைய டிரம் பிரேக்குக்குப் பதிலாகப் போட உங்களிடம் முன்பக்க டிஸ்க் பிரேக் கிட் வாங்கினேன். 38,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று. இன்று கார்த்திகை பிறந்துவிட்டது. வண்டி இன்னும் முன்சக்கரம் இல்லாமல் இரண்டு ஸ்டாண்டின் மேல் வாசலில் நிற்கிறது. அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டு, குட்டிகளும் கண் திறந்து, மதில் ஏறிப் போய்விட்டன. உங்கள் பார்சல்தான் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், அதைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், அதற்குப் பிரேக் எண்ணெய் கொண்டுவரும் ஹோஸ் எல்லாம் கிட்டில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். விஷயம் இதுதான்: வந்த இரண்டு காலிப்பரும் இடப்பக்கத்துக்கானவை.

மாட்டும்போதே இது தெரியாதா என்று கேட்பீர்கள். உங்கள் ஆள் ஒருவர் கேட்டும்விட்டார், அவரிடம் பின்னால் வருகிறேன். போல்ட் ஓட்டை இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் இடப்பக்கக் காலிப்பர் வலப்பக்கப் பிராக்கெட்டிலும் அழகாகப் போய் உட்காரத்தான் செய்கிறது. மருமகன் பெடலில் உட்கார, நான் வலப்பக்கச் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு ஏர் எடுத்தேன், அதாவது லைனில் இருக்கும் காற்றைக் காலிப்பரின் நிப்பிள் வழியாக வெளியேற்றினேன். "மிதி... பிடி... விடு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ட்யூபில் குமிழி நின்றுவிடும், சரி முடிந்தது என்று நிப்பிளை இறுக்கிவிட்டுப் பெடலை மிதித்தால் பஞ்சு. அரை லிட்டர் டாட் 4 பிரேக் எண்ணெய் இரண்டு டப்பா காலி. பம்பரில் சொட்டி பெயின்ட்டும் போனது. ராத்திரி ஒன்பதரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இடப்பக்கம் நிப்பிள் மேலே நிற்கிறது, வலப்பக்கம் கீழே தொங்குகிறது. காற்று மேலேதானே போய் நிற்கும்? கீழே திறந்தால் எண்ணெய் போகும், காற்று உள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். துணியால் துடைத்துப் பார்த்தேன். இரண்டு காலிப்பரின் வார்ப்பிலும் "எல்" (லெஃப்ட், அதாவது இடது) என்று பொறித்திருக்கிறது.

காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவில் மரக்கட்டை கொடுத்து, நிப்பிள் மேலே வருகிற மாதிரி கையில் தூக்கிப் பிடித்து ஏர் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஹோஸ் தவறான பக்கத்திலிருந்து வருவதால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் அது டயரில் உரசுகிறது. அப்படி ஓட்டுவதற்கா டிஸ்க் பிரேக் போடுகிறோம்?

மறுநாள் உங்கள் எண்ணுக்கு அடித்தேன். முதலில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். அவர் "டெக்னிக்கல்" என்று ஒருவருக்கு மாற்றிவிட்டார். நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்காமல் அவர் சொன்னது இது, வார்த்தைக்கு வார்த்தை குறித்து வைத்திருக்கிறேன்: "சார், யூடியூப் பாத்துட்டு வீட்ல பிரிச்சுப் போடுறவங்களுக்கெல்லாம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு நல்ல மெக்கானிக்கா பாருங்க."

ஐயா, நான் திருச்சி பெல் ஆலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கொதிகலன் குழாய்க்கு மரை பார்த்த கை இது. "வீட்டிலேயே பொருத்தலாம், சாதாரண டூல்ஸ் போதும்" என்று உங்கள் கிட்டுடன் வந்த தாளில்தான் அச்சடித்திருக்கிறது. யூடியூப்பில் அல்ல.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்கிறது: "பழைய டிரம் பாகங்கள் இனி தேவையில்லை." அதை நம்பி டிரம், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டேன். இப்போது பழையபடி மாட்டவும் வழியில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன். நல்ல நிலையில் ஒரு ஜோடி டிரம்முக்கு அவர்கள் சொன்ன விலையை இங்கே எழுதினால் எனக்கே படபடப்பு வருகிறது.

23 நாள் கழித்து மாற்றுக் காலிப்பர் என்று ஒரு பெட்டி வந்தது. வாசலிலேயே திறந்தேன். "எல்".

இதற்கப்புறம்தான் அந்தக் கோவைப் பயணம். உங்கள் சேவை மையத்திலிருந்து பேசியவர் "நேர்ல கொண்டு போனீங்கன்னா கவுன்டர்ல உடனே மாத்திக் குடுத்துடுவாங்க" என்றார். நம்பினேன். விடியற்காலை நாலரை பஸ். ஒரு காலிப்பர் மட்டும் போதாது, பிராக்கெட்டோடு வைத்துக் காட்டினால்தான் புரியும் என்று இரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். கரூர் தாண்டுவதற்குள் பையின் காது அறுந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன், வேட்டியெல்லாம் எண்ணெய். கவுன்டரில் இருந்த பையன் பில்லைப் பார்த்துவிட்டு, "இது ஆன்லைன் ஆர்டர், இங்க வாங்க மாட்டோம்" என்றான். மேலாளர் எங்கே என்றேன், சாப்பிடப் போயிருக்கிறார் என்றான். அப்போது மணி பதினொன்று! மூன்று மணி வரை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டவர் காவலாளி ஒருவர்தான். மேலாளர் வந்தார், தூரத்திலிருந்தே பார்த்தார், "மெயில் போடுங்க சார்" என்றார். போக வர 400 கிலோமீட்டர், மெயில் போடச் சொல்லிக் கேட்பதற்காக.

ஹோஸைப் பற்றி மறந்துவிட்டேன். உங்கள் ஹோஸின் மரை எம் 10 (10 மில்லிமீட்டர் விட்டம்), பிட்ச் அதாவது மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். என் வண்டியின் பழைய பைப் நட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, யு.என்.எஃப். என்ற அங்குல வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நட் உள்ளே போகும், இறுகுகிற மாதிரியும் இருக்கும். 9.5 மில்லிமீட்டர் நட் 10 மில்லிமீட்டர் ஓட்டையில் எவ்வளவு நேரம் நிற்கும்? அழுத்தி மிதித்தால் கசிகிறது. பிட்ச் கேஜ் வைத்து நான் பார்த்திராவிட்டால் என்றைக்காவது நெடுஞ்சாலையில் பிடுங்கிக்கொண்டிருக்கும், இந்தக் கடிதத்தை என் மனைவி எழுதிக்கொண்டிருப்பார். இந்த வண்டி அங்குலக் கணக்கு வண்டி என்பது உங்களுக்குத் தெரியாதா?

பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் விஷயமும் அப்படித்தான். "வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்கில் அது இருந்தால் பேடு ஒட்டிக்கொண்டே ஓடிச் சூடாகும். முன் லைனுக்கு என்ன செய்வது, பின் டிரம்முக்கு அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கத் தனி வால்வு வேண்டுமா என்று உங்கள் டெக்னிக்கல் ஆளிடம் கேட்டேன். "என்ன வால்வு?" என்றார். யூடியூப்காரரே அவர்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் டிஸ்க் நல்ல பொருள். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள். அதனால்தான் வயிறு எரிகிறது. நல்ல சாமானைப் போட்ட பெட்டியில் இடது வலது பார்க்கக்கூட உங்களிடம் ஆள் இல்லையா?

நான் ஆசைக்கு இதைப் போடவில்லை. போன சித்திரையில் கொல்லிமலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கினோம். எழுபது கொண்டை ஊசியில் பாதி தாண்டியதும் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போனது. முதல் கியரில் ஊர்ந்து அடிவாரத்தில் காரவள்ளி வந்து சேர்ந்தோம், பேத்தி அழுதுகொண்டே வந்தாள். இனி டிஸ்க் இல்லாமல் இந்த வண்டியை எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்ததுதான் இது.

ஐப்பசி முகூர்த்தத்தில் என் தங்கை மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம் அம்பாசிடர்தான் என்று ஒரு வருடத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசியில் வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்தோம், 14,000 ரூபாய். சம்பந்தி வீட்டார் முன்னால் என் மானமே போய்விட்டது. "மாமா வண்டி இன்னும் ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்காத ஆள் இல்லை. எண்ணெய், பஸ், வாடகைக் கார், போன பெயின்ட், போன மரியாதை எல்லாம் சேர்த்தால் 3 லட்சத்துக்குக் குறையாது. மனைவி கணக்குப் போட்டு 60,000 என்கிறார். அவருக்கு மானத்தின் விலை தெரியாது.

தயவுசெய்து இதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேண்டியது வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 15 நாளுக்குள் வலப்பக்கக் காலிப்பர் ஒன்றும், சரியான மரையுள்ள ஹோஸ் இரண்டும், வால்வு பற்றி விவரம் தெரிந்த ஒருவரின் எழுத்துப்பூர்வ பதிலும் வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. மஞ்சள் பையோடு இந்த முறை நீங்கள் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

அந்த டெக்னிக்கல் ஆள் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இன்றுவரை)

பி.கு.: காலிப்பரை அனுப்பும் முன் யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து, "ஆர்" (ரைட், அதாவது வலது) என்று பொறித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பவும். என்னிடம் மிச்சமாகக் கிடக்கும் இரண்டு "எல்"லையும் எடுத்துப்போக ஆள் அனுப்பவும். கூரியர் செலவு என்னுடையது அல்ல.