பொருள்: ஏற்புச் சோதனை நடத்தாமலே வாங்கிய கையெழுத்து

அனுப்புநர்: நிர்வாகம், பலகாரக் கடை, காரைக்குடி.
பெறுநர்: திட்ட மேலாளர், பில்லிங் மென்பொருள் நிறுவனம், சென்னை.

ஐயா,

மென்பொருளில் பிழை இருப்பது புதிதல்ல. 'பயனர் ஏற்புச் சோதனை முடிந்தது', அதாவது பயன்படுத்துகிறவர்களே ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள் என்ற தாளில், நிறுவிய அன்றே எங்கள் கணக்குப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கியதுதான் எங்கள் புகார். அன்று உங்கள் ஆள் தட்டியது மூன்று மாதிரி பில். மூன்றும் முழுக் கிலோ. இங்கே கால் கிலோ மணகோலம், 150 கிராம் சீப்புச்சீடை என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் தராசு அடிக்கும் லேபிளில் 13 இலக்க பார்கோடு. முதல் இரண்டு முன்னெண், அடுத்த ஐந்து பொருள் எண், பிறகு ஐந்து எடை (கிராமில்), கடைசி ஒன்று சரிபார்ப்பு எண். எடை இருக்கும் அந்த ஐந்தை உங்கள் மென்பொருள் பைசாவாகப் படிக்கிறது. 00250 என்றால் கால் கிலோ தேன்குழல். பில்லில் விழுவது ரூ. 2.50. அந்த இடத்தில் எடையா விலையா என்பது கடைக்குக் கடை மாறும். கேட்டிருக்கலாம்.

கல்யாணச் சீர்ப் பலகாரத்துக்கு முன்பணம் வாங்கினால் உடனே வரி பில் அடிக்கிறது. சரக்குக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பர் 15 முதல் ஜிஎஸ்டி இல்லை. வெறும் ரசீது போதும். இப்போது ஒரே ஆர்டர், விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் இரண்டு முறை ஏறுகிறது. தெர்மல் பிரிண்டரில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருவது தனி. அந்தப் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது, பில்லைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். திரையில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் சோதனைக் குழு வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. தேவைப்பட்டியல்படி ஓடுகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். பட்டியலே தப்பு என்று கல்லாவில் உட்காருபவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே அந்தக் கையெழுத்தை ரத்து செய்யுங்கள். பழைய பில் புத்தகங்களிலிருந்து 200 பில் பொறுக்கித் தருகிறோம்: திரும்பி வந்த சரக்கு, பாதி ரொக்கம் பாதி யுபிஐ, கடன், வெளிமாநில ஆர்டர். தனிச் சோதனைத் தரவுத்தளத்தில் கல்லா ஆச்சியே தட்டட்டும்; உங்கள் ஆள் பக்கத்தில் நிற்கலாம், கீபோர்டைத் தொடக் கூடாது. ஒன்றைத் திருத்தினால் ஏற்கெனவே தேறிய பில்களையும் மறுபடி ஓட்டுங்கள். வரியைச் சரிசெய்யப் போய் ரவுண்டிங் கெடுவது வழக்கம்.

பிறகு ஏழு நாள், சந்தை நாளும் சேர்த்து, கைபில்லும் கணினியும் ஒன்றாக ஓட வேண்டும். தினமும் இரவு இரண்டு மொத்தமும் பைசா பிசகாமல் ஒத்துவர வேண்டும். எடை, வரி, தொகையில் ஒரு பிழைகூட மிஞ்சக் கூடாது. பட்டன் நிறமெல்லாம் பின்னால் பார்க்கலாம்.

மீதி 20 சதவீதத் தொகை அதன் பிறகே. பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை.

இப்படிக்கு,
நிர்வாகம்