ஞாயிறு எட்டு மணியும் செவ்வாய்க்கிழமை நாடகமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் தேனி அன்பர் ஒருவர் வெளிநாட்டுக் குற்றத் தொடர்களைப் பற்றிக் குறைபட்டிருந்தார். ஒரே இருட்டாக இருக்கிறதாம். நகரவே மாட்டேன் என்கிறதாம். ஒரு கொலையை இருபது பாகத்துக்கு இழுக்கிறார்களாம். இதெல்லாம் நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்று முடித்துவிட்டார்.

முதல் குறைக்கு என்னிடம் உடனே பதில் இருக்கிறது, ஏனென்றால் அது என் தொழில். செல்லூரில் 38 ஆண்டுகள் டிவி மெக்கானிக்காக இருந்தவன் நான். புது டிவியில் 'பவர் சேவிங்' என்று ஒன்று போட்டே வருகிறது, முதலில் அதை அணையுங்கள். கடையில் வாங்குகிறவர் கண்ணைப் பறிக்க வைத்திருக்கும் 'விவிட்' என்பதை 'மூவி' என்று மாற்றுங்கள். பகலில் ஜன்னல் வழியாக மதுரை வெயில் திரை மேல் அடிக்கும்போது பார்க்காதீர்கள். ராத்திரி சாப்பிட்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் நவம்பர் மாதம் மாலை நாலு மணிக்கே பொழுது அடைந்துவிடும். அவர் குறைபட்ட தொடரின் கதை நடப்பது அந்த நவம்பரில். அவர்கள் டியூப்லைட் போடுவதும் இல்லை, மூலைக்கு ஒரு மேசை விளக்குதான். இருட்டாகத்தான் இருக்கும்.

மற்ற இரண்டு குறைகளுக்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அவர் சொல்லும் இருபது பாகத் தொடர் 'ஃபோர்பிரிடெல்சன்' என்று நினைக்கிறேன். குற்றம் என்று அர்த்தமாம். ஆங்கிலத்தில் 'தி கில்லிங்'. 2007-ல் டென்மார்க்கில் வந்தது. நன்னா என்ற 19 வயதுப் பெண் கொலையாகிறாள். விசாரணையின் ஒரு நாளுக்கு ஒரு பாகம், ஆக இருபது நாள். சாரா லுண்ட் என்ற போலீஸ் அம்மா ஒரு பக்கம், மேயர் தேர்தலில் நிற்கும் அரசியல்வாதி ஒரு பக்கம், பெண்ணைப் பறிகொடுத்த வீடு ஒரு பக்கம்.

எங்கள் தெரு முனை டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர் இதைப் பார்த்துவந்தோம். கடையில் வைத்து அல்ல. அவரவர் வீட்டில் ராத்திரி ஒரு பாகம் பார்ப்பது, காலை ஆறரை மணிக்குக் கடையில் பேசுவது. யாரும் முந்தி ஓடக் கூடாது என்று ஒப்பந்தம். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், கைத்தறி நெசவிலிருந்து ஆட்டோவுக்கு வந்த தம்பி ஒருவர், அப்புறம் நாங்கள் ஏட்டையா என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், நான்.

முதல் வாரம் முழுக்க ஏட்டையா சத்தம்தான். "ஏண்ணே, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகாம இந்தம்மா ஒத்தையில டார்ச் அடிச்சுக்கிட்டு உள்ள போகுது! எங்க இன்ஸ்பெக்டரா இருந்தா மெமோ கொடுத்திருப்பாரு." ஒன்பதாம் பாகம் வந்தபோது அவர் பேச்சு மாறிவிட்டது. உண்மையான வேலை இப்படித்தான் இருக்கும் என்றார். முக்கால்வாசி காத்திருப்பதும், சொன்னதையே திரும்பக் கேட்பதும், தப்பான ஆளைப் பிடித்துவிட்டு அவன் வீட்டார் முகத்தில் முழிக்க முடியாமல் நிற்பதும். நம் சினிமா போலீஸைப் பார்த்து முப்பது வருடம் தனக்கு வந்த எரிச்சலை இந்த டேனிஷ்காரி தீர்த்துவிட்டாள் என்று டீக்கு அன்று அவரே காசு கொடுத்தார். இதுவும் அடிக்கடி நடப்பதில்லை.

என் வீட்டில் வேறு மாதிரி. என் மனைவிக்குத் திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும் வேகத்தில் படிக்க வராது. நான் படித்துப் படித்துச் சொல்ல வேண்டும். "அந்தப் பிள்ளை வீட்டுக்கே வரலியாம், சிநேகிதி வீட்ல இருக்கும்னு நெனச்சாங்களாம்" என்று கதாகாலட்சேபம் மாதிரி நடக்கும். அவள் சாரா லுண்டைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி, "ஏன் இந்தப் பொண்ணு ஒரே ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு அலையுது?" என்பதுதான். (அந்த ஸ்வெட்டர் ஃபரோ தீவுகளில் பின்னியது. 2011-ல் பிபிசி ஃபோர் சேனலில் தொடர் ஓடிய பிறகு பிரிட்டனில் அதைத் தேடித் தேடி வாங்கினார்களாம். வாழ்க்கையில் ஸ்வெட்டர் தேவைப்படாத ஊரில் இருந்துகொண்டு எனக்கு இந்த விவரம்.) மற்றபடி அவளுக்குக் கொலைகாரன் யார் என்பதில் அக்கறையே இல்லை. நன்னாவின் அம்மா பெர்னில்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறவர். பெண் செத்துக் கிடக்கிறாள், ஆனால் வண்டிகள் ஓட வேண்டும், இரண்டு பொடியன்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும். "சாவு விழுந்த வீட்ல பதினாறு முடிஞ்ச பிறகுதான்யா கஷ்டமே ஆரம்பிக்கும், அதக் காட்டுறாங்க பாரு" என்றாள். தங்கையைப் பறிகொடுத்தவள் அவள்.

தேனி அன்பரே, இருபது பாகம் இழுப்பது இதற்காகத்தான். கொலையை ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த வீட்டை ஒன்றரை மணி நேரத்தில் காட்ட முடியாது.

பொறுமை நமக்குப் பழக்கமில்லை என்று சொல்வதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் பாலர் நாடக சபை தொடங்கிய ஊரில் இருந்து இதை எழுதுகிறேன். என் அப்பத்தா அலங்காநல்லூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்க்கப் பாயும் வெற்றிலைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போனால் விடிந்துதான் வரும். ராத்திரி பத்துக்குப் பபூன் வருவார். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கினால் மணிக்கணக்கில் போகும். கடைசியில் முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்பது தெரியாமலா உட்கார்ந்திருந்தார்கள்? எங்கள் குழுவில் ஆட்டோ தம்பிக்கு அவன் சகலை பன்னிரண்டாம் பாகத்திலேயே கொலைகாரன் பெயரைப் போனில் சொல்லிவிட்டான். தம்பி எங்களிடம் வாயைத் திறக்கவில்லை, கடைசிவரை எங்களோடு உட்கார்ந்து பார்த்தான். எங்கள் ஐவரில் அதிகம் ரசித்தவன் அவன்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தத் தொடரை எடுத்தது பணக்கார ஓடிடி நிறுவனம் இல்லை. டிஆர் என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம், அந்த ஊர்த் தூர்தர்ஷன். டென்மார்க்கின் மக்கள்தொகையே சுமார் 60 லட்சம்தான். 2011 கணக்கெடுப்பில் நம் மதுரை மாவட்டம் மட்டும் 30 லட்சம். இரண்டு மதுரை மாவட்டம் அளவு ஆட்கள் பேசும் மொழியில், ஞாயிறு இரவு எட்டு மணி என்று ஒரு நேரத்தை நாடகத்துக்கு ஒதுக்கிவைத்து எடுத்தார்கள். முதல் பத்துப் பாகம் வருடத் தொடக்கத்தில். மீதிப் பத்துக்கு இலையுதிர் காலம்வரை ஊரே காத்திருந்தது. எங்கள் டீக்கடையை ஒரு நாடு அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கும் அப்படி ஒரு நேரம் இருந்தது. சென்னைத் தூர்தர்ஷனின் செவ்வாய்க்கிழமை நாடகம்.

மதுரைக்காரர்களுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, ஆனால் அந்த அலை இவ்வளவு தூரம் வராது. 1982-ல் இலங்கையில் ரூபவாகினித் தொலைக்காட்சி வந்த பிறகு, நாற்பது அடி ஜிஐ பைப்பில் ஆன்டெனாவை ஏற்றி, பூஸ்டர் வைத்து, தென்கிழக்கே திருப்பிப் பார்த்தோம். புள்ளிபுள்ளியாக வரும், நல்ல வானிலையில் தெளிவாகவும் வரும். அப்புறம் தூர்தர்ஷனின் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் ஏறாத மொட்டை மாடி இல்லை. ஊரே ஆன்டெனாவை மேற்கே திருப்பியது. திருப்பிக்கொண்டே கீழே பார்த்து "தெரியுதா, தெரியுதா" என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த நாடகங்களில் செட் என்று பார்த்தால் ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளே போக ஒரு கதவுத் திரை. பாதி நாடகங்கள் தந்தி வந்தே தொடங்கும். சுவர் ஆடும், மைக் நிழல் விழும். ஆனால் சபா மேடையில் தேறி வந்த நடிகர்கள், முகத்துக்கு அருகில் கேமரா, நடுவில் பாட்டு கிடையாது. புதன்கிழமை காலை என் கடைக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கூட முதலில் நாடகத்தைப் பற்றித்தான் பேசுவார். நேயர் கடிதங்களை வாசிக்கும் 'எதிரொலி' நிகழ்ச்சிக்கு நான் பதினைந்து பைசா அட்டையில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு முறை வாசித்தார்கள். அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அடுத்த தெருக்காரர்கள் வந்து சொல்லித்தான் தெரியும்.

பேராசிரியர் சாரிடம் இதைச் சொன்னபோது பிரிட்டனிலும் இப்படித்தான் என்றார். பிபிசி 1970-லிருந்து 1984 வரை 'பிளே ஃபார் டுடே' என்று தனித்தனி நாடகங்களைப் போட்டது. 1977-ல் வந்த 'அபிகேல்ஸ் பார்ட்டி' முழுக்க ஒரு வீட்டு வரவேற்பறையில் நடக்கிறது. சார் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். சோபாவைப் பார்த்ததுமே எனக்கு நம் ஊர் நாடகம்தான் ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால், 1966-ல், 'கேத்தி கம் ஹோம்'. வீடு இழந்த ஒரு குடும்பத்தின் கதை. கடைசியில் ரயில் நிலையத்தில் தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் பார்த்தார்களாம். மறுநாள் அந்த நாடு எதைப் பேசியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் காலத்து நாடகங்கள் பல இன்று இல்லை. வீடியோ டேப் விலை அதிகம் என்று அழித்து அதன் மேலேயே வேறு பதிவு செய்துவிட்டார்கள்.

அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நானும் அதே வேலையைச் செய்தவன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு கோரிக்கைகள். ஒன்று உங்களுக்கு. வெள்ளிக்கிழமை ஓடிடி பகுதியில் எது எங்கே வருகிறது என்று போடுகிறீர்கள். அடியில் தமிழ் எழுத்து உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டப்பிங் வேண்டாம், எழுத்து போதும். காரணம் இருக்கிறது. 'தி பிரிட்ஜ்' என்று 2011-ல் வந்த தொடர். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்டு பாலத்தில், கீழே ரயில், மேலே கார், நம் பாம்பன் ரயில் பாலத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு நீளம், அதன் நடுவில் சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம் கிடக்கிறது. தூக்கினால் இடுப்பு வரை ஒருத்தி, கீழே வேறொருத்தி. ஆளுக்கொரு நாடு. ஸ்வீடன் போலீஸ் சாகா நோரன் தன் மொழியில் பேசுகிறாள், டேனிஷ் போலீஸ் மார்ட்டின் தன் மொழியில் பதில் சொல்கிறார். அப்படியே வேலை ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக்காரரும் மதுரைக்காரரும் பேசிக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரூபவாகினித் தமிழ்ச் செய்தி கேட்டுப் பழகிய எங்களுக்கு அந்த ருசி தெரியும். இரண்டு பேரையும் ஒரே தமிழில் பேசவைத்தால் தொடரில் பாதி போய்விடும். அதோடு என் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும், எழுத்து தமிழில் இருந்தால் மனைவியே படித்துக்கொள்வாள்.

இன்னொன்று, பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய நம் தொலைக்காட்சிக்கு. செவ்வாய் இரவில் அரை மணி நேரம், வாரம் தவறாமல், கையில் இருக்கும் பழைய நாடகம் ஒன்று. யூடியூபில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று என் மகன் சொல்கிறான். எப்போது வேண்டுமானாலும் என்றால் புதன்கிழமை காலை யாரோடு பேசுவது? புதிதாக எடுக்கவும் ஆசைப்பட்டால், மதுரையில் வள்ளி திருமணம் மாதிரி கோயில் திருவிழா நாடகங்கள் போடும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் திருவிழா சீசன் முடிந்தால் சும்மாதான் இருக்கிறார்கள்.

இப்போது என் குற்றம். ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பிக்சர் டியூப் மாற்றப் போக வேண்டியிருந்ததால் விசிஆரில் டைமர் போட்டு நாடகத்தைப் பதிந்துவைத்தேன். பார்ப்பதற்குள் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்துவிட்டது. வீடியோக்காரர் கேசட் தீர்ந்துவிட்டது என்று நின்றார். அவசரத்தில் கைக்கு வந்ததைக் கொடுத்தேன். இன்று அந்தக் கேசட்டில் மொய் எழுதுவது வரை காதுகுத்து இருக்கிறது. அது முடிந்த இடத்தில் படம் ஒரு குலுக்கு குலுக்கி, நாடகத்தின் கடைசி நாலு நிமிடம் வருகிறது. ஒரு அம்மாள் டெலிபோனில் "சரி... சரி... நான் சொல்லிக்கிறேன்" என்கிறார். ரிசீவரை வைக்கிறார். சோபாவில் உட்காராமல் அதன் கைப்பிடியில் உட்காருகிறார். உள்ளே யாரோ இருமும் சத்தம். அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், எழுத்து ஓட ஆரம்பிக்கிறது, நாலாவது பெயருக்குள் டேப் முடிந்துவிடுகிறது.

பென் டிரைவில் மாற்றி டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினேன். ஏட்டையா கடன்காரன்தான் பேசியது என்கிறார். பேராசிரியர் ஆஸ்பத்திரி என்கிறார். என் மனைவி, "மகன் வரலைன்னு சொல்லிட்டான், உள்ள படுத்திருக்கிறவர்ட்ட இனிமே இவதான் சொல்லணும்" என்கிறாள். ஒரு மாதமாக வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வாசகர்களில் யாருக்காவது இந்த நாடகம் ஞாபகம் இருந்தால் இதே பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மு.வே.,
செல்லூர், மதுரை.